ஜேசனில் 04565 ஓர் எண் அல்ல
நிரல்கள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறப் பயன்படும் எழுத்து வடிவம்தான் ஜேசன் (JSON). அதைப் பற்றிய இந்தக் கட்டுரையில் 'இலக்கங்கள் வந்தால் மேற்கோள் குறி வேண்டாம்' என்று சொல்லியிருப்பது முழுக்கச் சரியில்லை; புதிதாகப் படிப்பவர்கள் முதலில் இடறுவதே இங்கேதான். எங்கள் காரைக்குடியின் எஸ்டிடி குறியீடு 04565. இதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதிப் பாருங்கள், ஜேசனைப் படிக்கும் நிரலான பார்சர், கோப்பு முழுவதையுமே நிராகரித்துவிடும், ஏனென்றால் எண்ணுக்கு முன்னால் வீணாகப் பூஜ்யம் வருவதை ஜேசன் அனுமதிப்பதில்லை. பூஜ்யத்தை எடுத்துவிட்டால் பிழைச் செய்தி போய்விடும், ஆனால் குறியீடு தப்பாகிவிடும். ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவர்களுக்கு இணையதளம் செய்யும்போது, கூட வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இதைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமா? விலை, சதுர அடி என்றால் எண். தொலைபேசி, பின்கோடு, ஆதார் என்றால் ஸ்ட்ரிங், அதாவது மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துச் சரம். நீளமான ஆர்டர் எண்களும் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். 9007199254740991-ஐத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சாதாரண எண் வகையில் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடலாம், அது இன்னும் மோசம். அப்புறம், ஜேசனில் தமிழை \u0B95 ('க') போன்ற யூனிகோடு குறியீடுகளாக மாற்றித்தான் எழுத வேண்டும் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். தேவையே இல்லை. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற ஜேசன் தர ஆவணம், வெவ்வேறு அமைப்புகளுக்கிடையே பரிமாறும் ஜேசன், தமிழ் எழுத்துகளையும் நேராகச் சேமிக்கக்கூடிய யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கண்டாங்கி என்று நேராகவே எழுதலாம், கோப்பைத் திறப்பவரும் படித்துப் புரிந்துகொள்வார். இரட்டை மேற்கோள் குறிக்குள் மட்டும் போடுங்கள், ஒற்றைக் குறியை ஜேசன் ஏற்காது.