"எனக்கு ஓடுது" என்பது பதில் ஆகாது

ஒரு பைதான் எக்ஸ்டென்ஷன் (பைதானோடு சேர்ந்து ஓடும், சி-யில் எழுதிய கோட்) விண்டோஸில் தப்பான நம்பர் தருகிறது என்று ஒரு தம்பி பக் ரிப்போர்ட் எழுதியிருந்தான். அதை அந்த ப்ராஜெக்டைப் பராமரிப்பவர் மூடிய விதத்தை நேற்றே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸைத் தூக்கிப் போடு." அவ்வளவுதான் பதில்.

லினக்ஸில் ஓடுகிறது, சரி. ஆனாலும் கோட் தப்பு.

அந்த பைதான் எக்ஸ்டென்ஷனின் சி ஃபைலைத் திறந்து பார்த்தேன். பைதானிலிருந்து வரும் ஆர்குமென்ட்டைப் பிரிக்கும் இடத்தில் ஃபார்மட் (மதிப்பு எந்த வகை என்று சொல்லும் எழுத்து) ஸ்மால் எல், அதாவது லாங் என்ற சி-யின் முழு எண் வகை. வாங்கிக்கொள்ளும் வேரியபிளோ 64 பிட். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், அதனால் பொருந்திவிடுகிறது. விண்டோஸில் 64 பிட் மெஷினிலும் லாங் 4 பைட்தான், பாதி வேரியபிளில் மதிப்பு, மீதிப் பாதியில் மெமரியின் ஸ்டாக்கில் ஏற்கெனவே கிடந்த குப்பை. ஒரு ரன்னில் சரியாக வருகிறது, அடுத்ததில் ஏதோ பெரிய நம்பர் வருகிறது என்று அவன் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப் என்றால் ஜிசிசி கம்பைலராவது எச்சரித்திருக்கும், ஆர்குமென்ட்டைப் பிரிக்கும் இந்த ஃபங்ஷனுக்கு அதுவும் கிடையாது.

வேரியபிளில் முதலிலேயே 0 போட்டு வைத்தால் போதுமே என்கிறார் ஒருவர். போதாது. -1 அனுப்பினால் 4294967295 வந்து நிற்கும். 4 பைட் லாங் தாங்கும் 2147483647-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ எரர்.

விண்டோஸ்தான் விசித்திரம் என்பவர்களுக்கு: லாங் குறைந்தது 32 பிட் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் சி தரநிலை. உங்கள் லினக்ஸே எஸ்390எக்ஸில் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) ஓடும்போது பைட் வரிசை தலைகீழ். 4 பைட் இன்ட்டின் ஃபார்மட்டை 64 பிட் வேரியபிளுக்குக் கொடுத்துப் பாருங்கள், 0 போட்டு வைத்திருந்தாலும் அங்கே தப்பான நம்பர்தான் வரும்.

பராமரிப்பவர் சம்பளம் இல்லாமல் செய்கிறார், எல்லா மெஷினிலும் எப்படி டெஸ்ட் செய்வார் என்று கேட்பது நியாயம். நேரமில்லை என்று சொல்லித் திறந்தே விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ரிப்போர்ட் எழுதியவனை முட்டாளாக்கி மூடியதுதான் எரிகிறது. என் முதல் வேலையில் இதே மாதிரி ஒன்றைக் காட்டியபோது, மொத்த டீம் முன்னாடி "உன் சிஸ்டத்தைப் பார்" என்றார் சீனியர். அப்புறம் கஸ்டமரிடமிருந்து அதே கோளாறு வந்தது, சரிசெய்தார்கள், என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை நான். இவனும் அப்படி ஆகிவிடக் கூடாது.

தம்பி, ஃபார்மட்டை கேபிடல் எல் ஆக்கு, வேரியபிளை லாங் லாங் ஆக்கு, -1-க்கும் பெரிய நம்பருக்கும் ஒரு டெஸ்ட் சேர்த்து பேட்ச் அனுப்பு. ரிவ்யூ நான் செய்கிறேன்.