பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனவன்

திங்கட்கிழமை மாலை, நாகர்கோவில் ரயில் நிலையம். அம்மா கட்டிக்கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியில் ஏறிய என் நண்பன், வாசலில் நின்று திரும்பிச் சொன்னான்: "எல்லாம் சரி, ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, என்ன?" வண்டி கிளம்பிவிட்டது. பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று நாள் தொடர் விடுமுறை. திருவிதாங்கூரின் இரண்டு தலைநகரங்களையும் அவனுக்குக் காட்டிவிடுவது என்று நான் திட்டம் போட்டிருந்தேன். சனிக்கிழமை பழைய தலைநகரான பத்மநாபபுரத்தில் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு குடிபெயர்ந்த திருவனந்தபுரம். திங்கட்கிழமை கன்னியாகுமரியில் கால் நனைத்துவிட்டு ரயில் ஏறலாம். வெள்ளி இரவு இலையில் உட்கார்ந்தபோதே படித்துப் படித்துச் சொன்னேன்: "திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. நாளைக்கே போய்விட வேண்டும்." தலையாட்டினான். அது அம்மாவின் மீன்குழம்புக்கு ஆட்டிய தலை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு என்னை உலுக்கி எழுப்பினான். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமாம்! ஊரெல்லாம் அங்கேதான் இருந்தது. சூரியனைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவழியாக மேகத்துக்கு மேலே அது தலைகாட்டியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. சரி, அரண்மனைக்குப் போகத் தக்கலைக்கு பஸ் பிடிப்போம் என்று திரும்பினால், "கண்ணாடிப் பாலம்" என்றான். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, அதுதான். நீளம் 77 மீட்டர். அந்த 77 மீட்டருக்காகப் படகு வரிசையில் மூன்றரை மணி நேரம் நின்றோம்.

வரிசை என்பது மரியாதைக்குச் சொல்வது. "இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தண்ணீர் வாங்கப் போனேன்" என்று ஒரு மாமா உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் கையை உயர்த்தி அசைத்தார். கொடிக்கம்பியை விலக்குவது போல எங்கள் தோள்களை விலக்கிக்கொண்டு அவர் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். தண்ணீர்ப் பாட்டில் மட்டும் ஒருவர் கையிலும் இல்லை. பொழுது போகட்டும் என்று, வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக, மொத்தம் 133 அடி என்று நான் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தன் முகமும் சிலையின் முகமும் ஒரே சட்டத்தில் விழும்படி கழுத்தை ஒடித்துக்கொண்டிருந்தான். கரைக்குத் திரும்பும்போது மணி இரண்டு. பத்மநாபபுரம்? "நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், அலுப்பாக இருக்கிறது." திங்கட்கிழமை விடுமுறை என்றேன். "அதெல்லாம் விடுமுறைக் கூட்டத்துக்காகத் திறந்து வைத்திருப்பார்கள்" என்றான். ஊர்க்காரன் நான். தீர்ப்பு சொல்வது அவன்!

ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் வேட்டி கட்டித்தான் போக வேண்டும், சட்டையைக் கழற்ற வேண்டும், கைப்பேசி கூடாது. முதல் இரண்டுக்கும் சம்மதித்தவன் மூன்றாவதைக் கேட்டதும் அப்படியே பின்வாங்கிவிட்டான். "அப்புறம் உள்ளே போய் என்ன செய்வது?" என்று நிஜமாகவே கேட்டான். பக்கத்திலேயே, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகை அரண்மனை. இறவாரத்துக்கு அடியில் 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கும். டிக்கெட் எடுக்கலாம் என்றால், வெளியிலிருந்தே தெரிகிறதாம். எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். மணி அடித்தால் தாடிக்கார முகம் வாயைத் திறக்கும், இரண்டு ஆடுகள் வந்து அதன் கன்னங்களில் முட்டும். பார், பார் என்று நான் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவன் காலையில் எடுத்த படங்களில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆடுகள் முட்டிவிட்டுப் போய்விட்டன.

பத்மநாபபுரத்து சரஸ்வதி ஆண்டுதோறும் நவராத்திரிக்கு யானை மேல் ஏறி இதே திருவனந்தபுரத்துக்குப் போகிறாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். தலைநகர் மாறினாலும் பழைய வீட்டுத் தெய்வத்தை விட முடியாமல் தொடங்கிய வழக்கம். வழியெல்லாம் தங்கித் தங்கிப் போய், பூஜை முடிந்து பத்திரமாக ஊர் திரும்புகிறாள். அவளுக்கு யானை போதுமானதாக இருக்கிறது. இவனுக்கு ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் இருந்தும் இரண்டு ஊரில் ஒன்றைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? பூட்டு. அரண்மனைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கும் வேண்டும். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் செதுக்கிய 90 பூக்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அங்கேயே ஒரு குதிரை விளக்கு தொங்கும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திருப்பிய இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது என்பார்கள். பள்ளிச் சுற்றுலாவில் செருப்பைக் கழற்றிவிட்டு முதன்முதலில் அதில் கால் வைத்தபோது, தண்ணீர் என்று நினைத்துக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தவன் நான். ஆசிரியர் தலையில் குட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. அந்தத் தரையில் இவன் ஒரு நிமிடம் வெறுங்காலோடு நின்றிருந்தால் போதும், மற்றதை நான் மன்னித்திருப்பேன்.

"பரவாயில்லை, வெளியே ஒரு படம் எடு" என்றான். எடுத்துக் கொடுத்தேன். என் விரல் ஓரத்தில் விழுந்துவிட்டது என்று இன்னொன்று எடுக்கச் சொன்னான். அதையும் எடுத்தேன்.

ரயில் திருநெல்வேலியைத் தாண்டுவதற்குள் அந்தப் படத்தை வலையேற்றிவிட்டான். பூட்டிய கதவு, முன்னால் இளித்துக்கொண்டு இவன். கீழே ஒரு வரி: "பத்மநாபபுரம் அரண்மனை. பார்த்தாயிற்று!" விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் பெயர் என் அம்மாவுடையது.