பேட்டரியால் நினைவாற்றல் திரும்பாது

"மனச்சோர்வால் மங்கிய நினைவாற்றலை டிடிசிஎஸ் மீட்டுவிடுகிறது. 9 வோல்ட் பேட்டரி போதும், வீட்டிலேயே செய்துகொள்ளலாம்" என்று மேலே நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு எளிதல்ல, ஐயா.

உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் பொருத்தி, சுமார் 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20, 30 நிமிடம் செலுத்துவதே டிடிசிஎஸ். மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைக்கும் 'ஷாக்' சிகிச்சை வேறு. இதை அதனோடு குழப்பிப் பயப்படவும் வேண்டாம்.

பெரிய ஆய்வுகள் முதன்மையாக அளந்தது மனச்சோர்வைத்தான், நினைவாற்றலை அல்ல. அதிலும் முடிவுகள் முரண்படுகின்றன. 2017இல் வெளியான பிரேசில் ஆய்வில் (245 பேர்) இது போலிச் சிகிச்சையை விஞ்சியது. ஆனால் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. 2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் (160 பேர்) மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தும் போலியை விஞ்சவில்லை.

போலி என்றால், தொடக்கத்தில் சற்று நேரம் மட்டும் மின்சாரம் ஓடும். தோல் சுருசுருக்கும், பிறகு ஓசைப்படாமல் நின்றுவிடும். அப்படியும் பலர் தேறுகிறார்கள்! சோர்வு விலகினால் கவனம் கூடும், ஞாபகமும் ஓரளவு தெளியும். ஒரே சோதனையைத் திரும்ப எழுதினாலும் மதிப்பெண் ஏறும். "என் உறவினருக்குப் பலித்தது" என்பதை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

பேட்டரி யோசனைதான் ஆபத்து. மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும். பிரேசில் ஆய்வில், மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தும், டிடிசிஎஸ் பெற்ற இருவருக்குப் புதிதாக மேனியா (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் தரும் மனநிலைக் கோளாறு) தொடங்கியது.