அம்மா போட்டது எழுத்து இல்லையாம்

போன வாரம் அம்மாவுக்காக ஒரு விண்ணப்பத்தை போனில் நிரப்ப உட்கார்ந்தோம். எந்த இடத்து விண்ணப்பம் என்பது இங்கே வேண்டாம். மொழியைத் தேர்வு செய்யும் இடத்தில் ‘தமிழ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அது போதும். அம்மா எட்டாவது வரை படித்தவர். தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். “குடு, நானே அடிக்கிறேன்” என்று போனை வாங்கிக்கொண்டார். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் ‘குடியாத்தம்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். முடித்ததும் கட்டத்துக்குக் கீழே சிவப்பாக வந்து நின்றது: ‘எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்.’

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் அதே சிவப்பு. மூன்றாவது தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நான் எழுத்துதானடா போட்டேன், வேற இன்னாத்த போட்டேன்?”

15 வருடமாகக் கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் குடியாத்தம் என்பது 11 குறியீடுகள். க, உகரக் குறி, ட, இகரக் குறி, ய, கால், த, புள்ளி, த, ம, புள்ளி. இதில் க, ட, ய, த, த, ம ஆகிய ஆறும் ‘எழுத்து’ வகை. மீதி ஐந்தும் ‘குறி’ என்ற வேறு வகை. பைத்தான் என்ற நிரல் மொழியில், கொடுத்தது எல்லாம் எழுத்துதானா என்று பார்க்க இஸ்ஆல்ஃபா என்ற சோதனை இருக்கிறது. அதனிடம் கொடுத்தால் 11 குறியீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒன்று எழுத்து வகையில் இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். அன்று ராத்திரியே உட்கார்ந்து சோதித்தேன். குடியாத்தம் இல்லை. வேலூர் இல்லை. ஆற்காடு இல்லை. ஆம்பூர் இல்லை. வட ஆற்காடு முழுக்கத் தேடினாலும் ஒரு குறிகூட இல்லாத ஊர்ப் பெயர் உங்களுக்குக் கிடைக்குமா? ஆள் பெயரையே எடுங்கள், எத்தனை கிடைக்கும்?

ஜாவா என்ற நிரல் மொழியில் இஸ்ஆல்ஃபபெட்டிக் என்று இன்னொரு சோதனை இருக்கிறது. அது கொஞ்சம் தாராளம், உயிர்க்குறிகளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் புள்ளியை ஏற்காது. அதனால் ஆரணிக்காரர் உள்ளே போய்விடலாம், போளூர்க்காரர் வாசலில் நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர். ஒன்றில் கடைசியில் புள்ளி வைத்த ‘ர்’ இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 247 எழுத்தில் 18 மெய் என்று ஒன்றாம் வகுப்பில் கத்திக் கத்திச் சொன்னோமே, அந்த 18-க்கும் இங்கே இடம் இல்லை.

இன்னும் சிலர் ‘நாங்கள் தமிழுக்கென்றே எழுதியிருக்கிறோம்’ என்று ரெகெக்ஸில், அதாவது எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் வார்ப்பில், அ முதல் ஹ வரை என்று போட்டு வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூனிகோடு வரிசையில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஹ-வுக்கு அப்புறம் வருகின்றன. ஆய்த எழுத்தோ அ-வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையை ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சி மொழியின் பழைய இஸ்ஆல்ஃபா பற்றிச் சொல்லவே வேண்டாம். அது ஒரு தடவைக்கு ஒரு பைட்டை, அதாவது கணினி நினைவகத்தின் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்க்கும். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் குடியாத்தம் 33 பைட். சாதாரண ‘சி’ லொகேல் என்ற மொழி அமைப்பில் அந்த 33-இல் ஒன்றுகூட எழுத்து கிடையாது. பைட்டை வைக்கும் ‘சார்’ என்ற வகை, கூட்டல் கழித்தல் அடையாளத்தோடு வரும் எண்ணாக இருக்கும் கணினியில் அந்த பைட்டுகள் எதிர்ம எண்ணாகிவிடும். அதை அப்படியே இஸ்ஆல்ஃபாவுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி தரத்தில் உத்தரவாதமே இல்லை.

இந்தச் சோதனைகளைத் தயாராக வைத்துத் தரும் நிரல் நூலகத்தை நான் குறை சொல்லவில்லை. எந்த வகையைப் பார்க்கிறேன் என்று பைத்தானின் கையேட்டிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. யூனிகோடு புள்ளியைத் தனிக் குறியாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. என் கோபமெல்லாம் அதைப் படிக்காமல் ஒரு மனுஷருடைய பெயருக்கு முன்னால் காவல் நிறுத்தினவர்கள் மேல்தான். அவர்கள் ஒன்றும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள்தான், அ ஆ படித்துவிட்டு ஏ பி சி படித்தவர்கள். கல்லூரி லேபில் ஐந்து ஆங்கில உயிரெழுத்தை எண்ணும் நிரல் எழுதிய கையோடு வேலைக்குப் போய், அதே சோதனையைத் தமிழ்க் கட்டத்திலும் ஒட்டிவிட்டார்கள். தன் சொந்த அம்மாவின் பெயரை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

‘ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் ஆச்சு’ என்பார்கள். எந்த ஆங்கிலத்தில்? குடியாத்தத்துக்கு ஒரு தாளில் இரண்டு டி, இன்னொரு தாளில் டி எச். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டார்கள், சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலத்தில் இவ்வளவு இழுபறி, தமிழில் குடியாத்தம் குடியாத்தம்தான். இரண்டு சான்றிதழில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓர் எழுத்துக்கு எத்தனை நாள் கூலி போகிறது என்று சொல்வார்கள்.

பெயர்க் கட்டத்தில் இந்தச் சோதனையே தேவையில்லை. காலியாக இருக்கிறதா, அளவுக்கு மீறி நீளமா என்று பாருங்கள், அது போதும். கட்டாயம் சோதிக்கத்தான் வேண்டும் என்றால் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். இடைவெளியையும் இனிஷியலுக்குப் பின்னால் வரும் முற்றுப்புள்ளியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வரி வேலை. நான் எழுதுகிற இடத்தில் செய்துவிட்டேன். சோதனைப் பட்டியலில் குடியாத்தம், போளூர், அஃறிணை மூன்றையும் போட்டு வைத்திருக்கிறேன், எது சிவப்பானாலும் நிரல் வெளியே போகாது.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் நானே ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். மறுநாள் அச்செடுத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, “இதுல எங்க ஊரு எங்க இருக்குது, காட்டு” என்றார்.