திண்ணையில் வந்து உட்கார்ந்த வசூல்காரர்

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு எட்டு மணிக்கு என் சித்தி வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வீட்டிலேயே துணி தைத்துப் பிழைக்கும் சித்தி, சிறுகடன் நிறுவனம் ஒன்றில், பெண்கள் சேர்ந்து வாங்கும் குழுக் கடனாக 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். சித்தப்பாவுக்குக் கால் முறிந்ததால் மூன்று வாரத் தவணை நின்றுபோனது. அந்த மூன்று வாரமும் அவர் குழுக் கூட்டத்துக்குப் போய், கையில் பணம் இல்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படியிருந்தும் பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று தெருவே கேட்கும்படி சொன்ன அந்த ஆள், பத்து மணிவரை அங்கேயே இருந்தார். குழுவின் மற்றப் பெண்களை வரவழைத்து, "இவர் கட்டாவிட்டால் உங்கள் யாருக்கும் அடுத்த லோன் கிடையாது" என்று சித்தியை அவர்கள் நடுவில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

குழுக் கடனில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். ஒருவர் தவணைக்கு மற்றவர்களும் பொறுப்பு என்ற ஏற்பாடு, சொத்து இல்லாத பெண்களுக்கும் கடன் கிடைக்க வழிசெய்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வசூலிக்கும் இடத்தில் அதே ஏற்பாடு, நேற்றுவரை அவசரத்துக்கு அரிசி கடன் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணையே வசூல்காரராக மாற்றிவிடுகிறது. அடமானம் வாங்காத நிறுவனம், கடன் வாங்கியவரின் மானத்தை அடமானமாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது.

ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு அடமானமின்றித் தரப்படும் சிறுகடன்களுக்கென ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகளைத் தேடிப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சித்திக்கு நடந்த ஒவ்வொன்றும் செய்யக்கூடாதவை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இரு தரப்பும் பேசி முடிவுசெய்த பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதிருந்தால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டும் பேச்சு, உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்தல், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லி அச்சுறுத்துதல் ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை. மற்ற கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதில் அழைக்கும் நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை.

"வந்தவர் ஏஜென்சி ஆள், எங்கள் ஊழியர் இல்லை" என்று கிளையில் கைவிரிப்பார்கள். அதை ஏற்க வேண்டியதில்லை. வசூலை வெளியாளிடம் ஒப்படைத்தாலும் அவர் செய்கைக்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. வருகிறவரிடம் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். அவற்றைக் கேட்பது நம் உரிமை. கேட்டவுடனே பாதிப் பேரின் குரல் தணிவதை நானே பார்த்திருக்கிறேன்.

"போலீஸ் வந்து பிடித்துப் போகும்" என்பது அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், கையில் பணம் இல்லாததால் மட்டுமே தவணை தவறுவது குற்றமல்ல. அது உரிமையியல் நீதிமன்றத்தில் தீர வேண்டிய வழக்கு. கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மிரட்டி வசூலிப்பதுதான் குற்றம். தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டம், கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளில் இறங்குவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது.

வசூல்காரர்கள் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே நடத்துகிறார்கள்; அதனால் நாம் எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே நான் கண்ட வழி. வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அழைப்பு விவரங்களை அழிக்கக் கூடாது. பிறகு நிறுவனத்துக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) புகார் அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடிதடி, மிரட்டல் என்றால் 30 நாள் காத்திருக்காமல் அன்றே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.

சித்திக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். புகாரை நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து வேறொருவர் பகலில் வந்து, வருத்தம் தெரிவித்து, நின்ற தவணைகளைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துப் போனார். அன்றிலிருந்து சித்தி ஒரு வாரமும் தவறாமல் கட்டி வருகிறார். இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கியவராக இல்லாமல், கடன் வாங்கிய ஒரு சித்திக்கோ அத்தைக்கோ பிள்ளையாக இருப்பீர்கள். அவர்களிடம் இன்றே ஒருமுறை பேசிப் பாருங்கள். நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். என் சித்தியும் எட்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.