தெரிந்திருப்பது வேறு, அடக்கிக்கொள்வது வேறு

'16 வயதில் கொலை செய்தவனுக்குப் பெரியவர்களுக்கான தண்டனையே சரி' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. தப்பு என்று அந்த வயதில் தெரியும்தான். ஆனால் ஆத்திரத்தை அடக்கி, பின்விளைவை யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் வளர்கிறது. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னதற்கு இந்த முதிர்ச்சியின்மையும் ஒரு காரணம்.

நம் 2015 சிறார் நீதிச் சட்டமோ, கொடுங்குற்றம் என்றால், பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டுமா என்று முடிவுசெய்ய, 16 வயது நிரம்பிய சிறார்களின் மனத்திறனை 3 மாதத்துக்குள் மதிப்பிடச் சொல்கிறது. குற்றம் நடந்த அந்த நிமிடத்தில் அவன் மனம் எப்படி இருந்தது என்பதை அப்புறம் ஓரிரு சந்திப்பில் யாரால் அளக்க முடியும்? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நியாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மதிப்பீட்டை நம்பி ஒரு பையனின் வாழ்நாளை முடிவுசெய்வது பயமாக இருக்கிறது.