முதலில் அந்த மேப்பை வெளியே ஒட்டுங்கள்

வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில், நம் ஊர் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) பற்றிய கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். என் கையிலிருந்து மைக் பிடுங்கப்பட்டதையும் அதற்கு விழுந்த கைதட்டலையும் எனக்கே 11 பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் என்ன கேட்டேன் என்பது மட்டும் அதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒன்றுதான். நம் ஊர் இனி எந்தப் பக்கம் வளரும் என்று சொல்கிற முழுமைத் திட்ட வரைபடத்தைச் சுவரில் பத்து நிமிடம் காட்டிவிட்டு அணைத்துவிட்டால் யாருக்கு என்ன புரியும்? பெரிதாக அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டுங்கள் என்றேன். வீடு கட்டாதே என்று சொல்லவில்லை. ரோடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேப்பை ஒட்டுங்கள் என்றேன். அதற்குள் "சாருக்கு வீடு ஆகிவிட்டது, அதான் அடுத்தவன் கட்டக் கூடாது என்கிறார்" என்று ஒரு குரல் வந்தது. உடனே கைதட்டல்.

அந்த மேப் என்ன செய்யும் என்று தெரிந்து தட்டினீர்களா? ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அதில் ஒரு நிறம் உண்டு. உங்கள் வயல் பச்சையில் இருந்தால் விவசாயம், மஞ்சளில் இருந்தால் குடியிருப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் மஞ்சளும் அந்தப் பக்கம் பச்சையும் வந்தால், ஒரே மண்ணுக்கு இரண்டு விலை. திட்டம் அமலுக்கு வந்தபின் வீட்டுக்கும் கடைக்கும் அனுமதி அந்த நிறத்தைப் பார்த்துத்தான். மாற்ற வேண்டுமென்றால் நில உபயோக மாற்றம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். அதனால்தான் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே, வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரச் சொல்கிறது. அதுவும் எழுத்தில் கொடுத்தால்தான். மண்டபத்தில் நான் கத்தியதும் நீங்கள் தட்டியதும் எந்தக் கோப்பிலும் ஏறாது.

சரி, "நீயே வயலில் வீடு கட்டியவன்தானே" என்கிறவர்களுக்கு வருகிறேன். ஆமாம். 2009இல் வாங்கிய மனை. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சீல் போட்ட காகிதம் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த மனை வரைபடத்தில் 30 அடி ரோடும் மூலையில் பூங்காவும் இருந்தன. அந்த சீலுக்கு மதிப்பே இல்லை என்பது, 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய தடை போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறுவருடம், அப்படிப்பட்ட மனைகளுக்குப் பணம் கட்டி அங்கீகாரம் வாங்கும் வரன்முறைத் திட்டம் வந்தது, நகையை அடகு வைத்துக் கட்டினேன். அதற்குள் பூங்கா இரண்டு மனையாக விலைபோய்விட்டது.

அது கூடப் பரவாயில்லை. ஐப்பசி கடைசியில் மழை பிடித்தால் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிரிட்ஜை பெஞ்சின் மேல் ஏற்றி வைத்துவிட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன வருடம் உண்டு. அடுத்த வயல்காரப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது வயல் தண்ணீர் வடிகிற வடிவாய்க்கால் போன இடம். கல் ஊன்றும்போதே சொல்லியிருப்பேன், நீ யாரையும் கேட்கவில்லையே" என்றார். உண்மைதான், கேட்கவில்லை. எங்கே கேட்பது என்றும் தெரியாது. அன்றைக்கு ஒரு மேப் என் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். வீடு கட்டியவன் என்பதால் நான் பேசக்கூடாது என்கிறீர்கள். வீடு கட்டியதால்தானே பேசுகிறேன்!

இன்னொருவர், "காவிரி டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, வயலை யாரும் தொட முடியாது" என்று கமெண்ட் போட்டிருக்கிறார். அந்த மண்டலத்துக்காக வந்த 2020 சட்டத்தின் தடைப் பட்டியலை ஒரு தடவை படியுங்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பது, இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை எல்லாம் இருக்கின்றன. வீட்டு மனை இல்லை.

"நெல்லுக்கு விலை இல்லை, பெண் கல்யாணத்துக்கு விற்கிறேன், நீ யார் கேட்க?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அக்கா வீட்டிலேயே விற்றார்கள். ஆனால் வாங்கியவன் மண் அடித்து வடிவாய்க்காலை மூடும்போது, விற்காமல் இன்னும் நட்டுக்கொண்டிருக்கும் மேல் வயல்காரனின் பயிர் அழுகுகிறது. அவனுக்கும் அந்த மேப்பைப் பார்க்க உரிமை உண்டு.

மேடையில் ஒருவர், செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைந்தது, தப்பு வராது என்றார். நம் வாய்க்கால்களைப் போய்ப் பாருங்கள். நெய்வேலி காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் புதராகத்தான் தெரியும். அதில் எத்தனை அடி தண்ணீர் போகும் என்பது கீழே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெரியவரிடம் மேப்பைக் காட்டினால் கால்மணி நேரத்தில் விட்டுப்போன வாய்க்கால்களைக் கோடு போட்டுக் கொடுப்பார். காட்டத்தான் ஆள் இல்லை.

"ஆபீசில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்" என்கிறார்கள். இரண்டு தடவை போனேன். முதல் தடவை பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு. இரண்டாவது தடவை ஏ4 தாளில் ஒரு பிரதி காட்டினார்கள். ஊர் முழுக்க உள்ளங்கை அளவு. 14 வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன், பட்டாவும் எஃப்எம்பி என்கிற நில அளவைப் பட நகலும் தினம் பார்க்கிற கண் இது. எனக்கே அதில் ஒரு சர்வே எண் படிக்க முடியவில்லை.

நம் ஊரில் காதுகுத்துக்கு 20 அடி ஃபிளெக்ஸ் வைக்கிறோம். நானே எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கே நிறம் தீட்டுகிற ஒரு மேப்புக்கு ஒரு ஃபிளெக்ஸ் கிடையாதா? பணம்தான் பிரச்சினை என்றால் மேப்பின் ஃபைலை மட்டும் கொடுங்கள், என் செலவில் அடித்துக் கடை வாசலில் ஒட்டுகிறேன். இதை மண்டபத்தில் சொல்லத்தான் வாய் திறந்தேன். மைக் போய்விட்டது.

முதலில் கைதட்டிய தம்பி யாரென்று எனக்குத் தெரியும். அவருடைய முதல் வேலைக்கான பயோடேட்டாவை என் கடையில்தான் உட்கார்ந்து டைப் அடித்தோம். அது வலிக்கிறது, மறைக்கவில்லை.

ஆட்சேபணை மனு எழுதிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். சர்வே எண்ணும் பட்டா நகலும் கொண்டுவாருங்கள். ஞாயிறு மதியம் ஒரு மணி வரை கடை திறந்திருக்கும். அந்தத் தம்பியும் வரலாம். போன மாதம் அவர் அட்வான்ஸ் கொடுத்த மனையின் நகல் என் கடையில்தான் எடுத்தது. அதுவும் அதே வடிவாய்க்கால் ஓரம்.